பொன் பூசிய பிரெஞ்சு வெள்ளி: பளபளப்பை விட்டுவிட்டு முத்திரையைப் பாருங்கள்

2025 அக்டோபரில் வெள்ளி விலை ஒரு ட்ராய் அவுன்ஸுக்கு (சுமார் 31.1 கிராம்) 50 டாலரைத் தாண்டியது. அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் சந்தையையே வளைத்துப்போட முயன்ற 1980 ஜனவரிக்குப் பிறகு அப்படியொரு உச்சத்தை அதுவரை அது தொட்டிருக்கவில்லை. விலை ஏறியதும் வெள்ளிச் சாமான்களை வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் தராசைத் தேடுகிறார்கள். அவர்களை அதிகம் குழப்புவது பழைய பிரெஞ்சுப் பெட்டிகளில் வரிசையாக அடுக்கியிருக்கும் பொன்னிறக் கரண்டிகள். இது தங்கமா, வெள்ளியா, இல்லை வெறும் பித்தளையின் மேல் பூச்சா? பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு பெட்டிகளின் விலைகளுக்கு நடுவே ஏன் அவ்வளவு தூரம்?

பதில் மூன்று விஷயங்களில் இருக்கிறது: அடியில் என்ன உலோகம், மேலே பொன் எந்த முறையில் ஏறியது, அந்தப் பொன் எந்தக் காலத்தியது. மூன்றில் எதையும் பளபளப்பு சொல்லாது. பல சமயம் அது தவறான பக்கம்தான் இழுக்கும்.

வெர்மேய் என்பது என்ன

வெள்ளியில் செய்து, மேலே பொன் முலாம் பூசிய பொருளுக்குப் பிரெஞ்சில் வெர்மேய் என்று பெயர். அடி உலோகம் வெள்ளியாக இருப்பது கட்டாயம். பித்தளையின் மேலோ செம்பின் மேலோ பொன் பூசினால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வெர்மேய் ஆகாது. இன்றைய விதிகள் பூச்சின் கனத்தையும் சொல்கின்றன: பிரான்சில் குறைந்தது 5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அமெரிக்காவில் 2.5 மைக்ரான். பழைய பொருள்களுக்கு இப்படி எண் எதுவும் கிடையாது. பட்டறையின் பழக்கமும் வாங்கியவரின் பணப்பையும்தான் கனத்தை முடிவுசெய்தன.

இதில் தங்கம் எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுத்தர அளவுள்ள டெசர்ட் கரண்டி ஒன்றின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 60 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 2 மைக்ரான் கனத்துக்குப் பொன் ஏற்றினால் அதன் எடை சுமார் 0.23 கிராம். கரண்டியின் எடை 50 கிராம் என்றால் தங்கத்தின் பங்கு அரை சதவீதம்கூட வராது. ஆக, தங்கம் என்று நினைத்து வாங்குபவர் ஏமாறுகிறார். வெள்ளி என்று மட்டும் நினைத்து எடைக்கு விற்பவரும் ஏமாறுகிறார், அது வேறு வகையில்.

ஏன் பழத்துக்கும் இனிப்புக்கும் மட்டும்

பிரெஞ்சு வீடுகளில் முழு விருந்துக்கும் வெர்மேய் என்பது அரண்மனை வழக்கம். வசதியான நடுத்தர வீடுகளில் அது விருந்தின் கடைசிச் சுற்றான டெசர்ட்டுக்கு மட்டும் வெளியே வரும். ஆடம்பரம் ஒரு காரணம்தான், ஆனால் அடியில் வேதியியலும் இருக்கிறது. முட்டையில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கருக்கும். உப்பு வெள்ளியை அரிக்கும். பழத்தின் அமிலம் பழைய எஃகுக் கத்தியோடு சேர்ந்தால் கத்தியில் கறை, நாக்கில் இரும்புச் சுவை. தங்கத்துக்கு இவை எதுவும் ஒரு பொருட்டில்லை. வெள்ளி உப்புக் கிண்ணங்களுக்கு உட்புறம் மட்டும் பொன் பூசியிருப்பதும், பழக்கத்தியின் அலகு வெர்மேயாக இருப்பதும் இதனால்தான்.

பெட்டிகளில் இரண்டு வகைக் கத்திகள் இருப்பதற்கான விளக்கமும் இதுவே. ஒரு டஜன் கத்திக்கு வெர்மேய் அலகு, அது பழத்துக்கு. இன்னொரு டஜனுக்கு எஃகு அலகு, அது சீஸுக்கு. கைப்பிடி பெரும்பாலும் முத்துச்சிப்பியாக இருக்கும், அல்லது உள்ளே பிசின் நிரப்பிய மெல்லிய வெள்ளித் தகடாக இருக்கும். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கிய பிறகு இந்தப் பிரிவினைக்கே அவசியம் இல்லாமல் போயிற்று. எஃகு அலகு இருப்பதால் செட்டில் யாரோ கலப்படம் செய்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டுப் பெட்டி அப்படித்தான் இருக்க வேண்டும்.

பாதரசம்: அழகுக்குக் கொடுத்த விலை

1840-க்கு முன் வெள்ளியின் மேல் பொன்னை உறுதியாக ஏற்ற நடைமுறையில் இருந்த முக்கிய வழி பாதரச முலாம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய் பதத்தில் ஒரு கலவை செய்வார்கள். பாதரசம் தங்கத்தைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கும். அதைச் சுத்தம் செய்த வெள்ளியின் மேல் தூரிகையால் பரப்பி, கரி நெருப்பின் மேல் காட்டுவார்கள். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். தங்கம் வெள்ளியோடு பிணைந்து தங்கிவிடும். முதலில் மங்கலாக, மண்போலத் தெரியும். அகேட் கல் பதித்த கருவியால் தேய்த்தால்தான் ஒளி வரும். கனம் வேண்டுமென்றால் திரும்பவும் பூச வேண்டும், திரும்பவும் நெருப்பில் காட்ட வேண்டும்.

அந்த ஆவியைச் சுவாசித்தவர்கள் பட்டறை ஆட்கள். கை நடுக்கம், பல் உதிர்தல், மனக்குழப்பம், கடைசியில் அகால மரணம். பாரிஸின் புகழ்பெற்ற வெண்கலக் கலைஞர் அந்துவான்-ஆந்த்ரே ராவ்ரியோ 1814-இல் இறந்தபோது, முலாம் பூசுவோரை இந்த நஞ்சிலிருந்து காக்க வழி கண்டுபிடிப்பவருக்கு என்று 3000 பிராங்க் பரிசை உயிலில் எழுதிவைத்தார். தன் தொழிலுக்குச் செல்வம் சேர்த்துக்கொடுத்த கைகளுக்கு அவர் திருப்பிச் செலுத்திய கடன் என்றே அதைப் படிக்கத் தோன்றுகிறது. பரிசை 1818-இல் வேதியியலாளர் தார்சே பெற்றார். அவர் செய்தது எளிமையான காரியம்: பக்கத்தில் ஒரு சிறு அடுப்பை எரியவிட்டு, புகைபோக்கியில் மேல்நோக்கிக் காற்றோட்டத்தை உண்டாக்கி, நச்சு ஆவியை ஆளின் முகத்துக்கு வராமல் இழுத்துவிடும் அமைப்பு. வேலை ஓரளவு பாதுகாப்பானது. ஆனால் பாதரசம் போகவில்லை.

சேகரிப்பவருக்கு இதில் ஒரு பயன் உண்டு. நெருப்பில் எல்லாப் பாதரசமும் போய்விடாது. நுண்ணிய அளவு பொன் அடுக்கிலேயே தங்கிவிடும். இன்று எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியை மேற்பரப்பில் வைத்தால் தங்கம், வெள்ளியோடு பாதரசமும் தெரியும். தெரிந்தால் அது பழைய முறை. பொருளைச் சுரண்ட வேண்டியதில்லை, அமிலம் ஊற்ற வேண்டியதில்லை.

மின்சாரம் வந்த பிறகு

1840-இல் பர்மிங்காமின் எல்கிங்டன் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்றார். அதே சமயத்தில் பிரான்சில் ஹென்றி தெ ருவோல்ஸும் இதே திசையில் வேலை செய்துகொண்டிருந்தார். 1842-இல் சார்ல் கிறிஸ்தோஃப்ல் பிரான்சில் இதைத் தொழிலாக நடத்தும் உரிமைகளைக் கைப்பற்றினார். மலிவான உலோகத்தின் மேல் வெள்ளியோ பொன்னோ ஏற்றி, அரண்மனைத் தோற்றத்தை நடுத்தர வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது இந்த முறைதான்.

முதலாம் நெப்போலியனுக்கு 1804 முடிசூட்டு விழாவை ஒட்டிப் பாரிஸ் நகரம் பரிசளித்தது ஹென்றி ஓகுஸ்த் செய்த மாபெரும் வெர்மேய் செட். அரை நூற்றாண்டு கழித்து அவருடைய தம்பி மகன் மூன்றாம் நெப்போலியன் அரண்மனை விருந்துக்கு வாங்கியது கிறிஸ்தோஃப்லின் முலாம் சாமான். மிச்சம் பிடிக்கும் எண்ணம் மட்டும் அதில் இல்லை; பிரெஞ்சுத் தொழில்துறையின் புதுமையை மேசையிலேயே காட்டும் அரசியலும் சேர்ந்திருந்தது.

இதிலிருந்து ஒரு கால எல்லை கிடைக்கிறது. பிரெஞ்சு அரசு முத்திரை 1838-இல் மாறியது; விவரம் கீழே. 1838-க்கு முந்தைய முத்திரை உள்ள வெர்மேய் பொருளில் அசல் பொன் பாதரச முறையில்தான் ஏறியிருக்க வேண்டும். அதன் மேல் இப்போது மின்முலாம் இருந்தால், பின்னால் யாரோ மறுபூச்சு செய்திருக்கிறார்கள் என்று பொருள். 1840-க்குப் பிந்தையதில் இரண்டும் வரலாம். பழைய முறை உடனே நின்றுவிடவில்லை.

பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தையது ஏன் அரிது

உருக்கினார்கள், அதனால்தான். 1689-இல் போர்ச் செலவுக்காகப் பதினான்காம் லூயி வெர்சாய் அரண்மனையின் வெள்ளி மேசை நாற்காலிகளையே நாணயச்சாலைக்கு அனுப்பினார். சுமார் 20 டன். 1709-இல் மறுபடியும். 1759-இல் பதினைந்தாம் லூயி காலத்தில், ஏழாண்டுப் போருக்காக இன்னொரு முறை. மிஞ்சியதைப் புரட்சி விழுங்கியது. அரசி மரீ லெஸின்ஸ்காவுக்கு 1729-30இல் ஹென்றி-நிக்கொலா கூசினே செய்த தேநீர், காபி, சாக்லேட் பெட்டி இன்று லூவ்ரில் இருக்கிறது. அது தப்பிப்பிழைத்த விதிவிலக்கு.

ஒரு ஊரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: ஸ்திராஸ்பூர். 1681-இல் பிரான்சின் கைக்கு வந்த பிறகும் அந்நகரம் தன் பழைய தொழில் விதிகளை விடவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் வெர்மேய் என்றால் ஸ்திராஸ்பூர் என்ற பெயர் இருந்தது. இரண்டு காதும் மூடியும் உள்ள சூப்புக் கிண்ணங்களை இம்லின், கிர்ஸ்டைன் குடும்பப் பட்டறைகள் செய்தன. அங்குள்ள வெள்ளியின் மாற்றும் வேறு: 16 பங்கில் 13 பங்கு வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 812 அளவு. முத்திரையிலேயே 13 என்ற எண் இருக்கும். பாரிஸின் தரத்தோடு ஒப்பிட்டு இதைக் குறைவு என்று தள்ளினால் நல்ல பொருள் கைநழுவிப் போகும். பார்க்க விரும்புவோருக்கு அதே நகரின் ரோஹான் மாளிகை அருங்காட்சியகம் இருக்கிறது.

முத்திரையைப் படிக்கும் வரிசை

நம்மூரில் நகையைத் திருப்பி 916 இருக்கிறதா என்று பார்ப்பதைப் போலத்தான் இதுவும். ஆனால் பிரெஞ்சு முத்திரையில் எண்ணைவிட வடிவம் அதிகம் பேசும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும்.

1. முதலில் செய்தவர் முத்திரையின் சட்டம். 1797 நவம்பர் 9 சட்டத்துக்குப் பிறகு, வெள்ளிப் பொருளில் (வெர்மேயும் இதில் சேரும்) செய்தவரின் எழுத்துகள் சாய்சதுரத்துக்குள் இருக்கும். மலிவான உலோகத்தின் மேல் முலாம் பூசிய பொருளில் அவை சதுரத்துக்குள் இருக்கும். சாய்சதுரமா, சதுரமா என்ற ஒரே கேள்வி பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

2. சதுரத்தின் பக்கத்தில் 84 போன்ற எண் இருந்தால் அது வெள்ளியின் தரம் அல்ல. ஒரு டஜன் செட்டின் மேல் எத்தனை கிராம் வெள்ளி பூசப்பட்டது என்பதன் குறிப்பு. ரஷ்ய வெள்ளியிலும் 84 என்ற எண் தரத்தைக் குறிப்பதால், இரண்டையும் போட்டுக் குழப்பி விற்பவர்கள் உண்டு.

3. அடுத்து அரசு முத்திரை. 1798 முதல் 1819 வரை சேவல், நடுவில் 1809-இல் அதன் வடிவம் மாறியது. 1819 முதல் 1838 வரை கிழவர் தலை. 1838 முதல் ரோமானியரின் மினர்வா தேவியின் தலை. கூடவே உள்ள 1 என்ற எண் 950 தரத்தையும், 2 என்பது 800 தரத்தையும் காட்டும். 1970-களில் முதல் தரத்தின் அளவு 925 ஆக இறங்கியது.

4. 1838 முதல் சிறிய, மெலிந்த பொருள்களில் பாரிஸில் காட்டுப்பன்றித் தலையும், மற்ற ஊர்களில் நண்டும் வரும். அன்னப்பறவை இருந்தால், அந்தப் பொருளின் பிறப்பிடம் தெரியாமல் பிரான்சில் சோதித்து முத்திரையிட்டார்கள் என்று பொருள். அதாவது, "பிரெஞ்சு" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதற்கு அன்னம் சாட்சி அல்ல.

5. முத்திரைக்கு நேர் பின்பக்கத்தையும் பாருங்கள். 1819 முதல் முத்திரை அடிக்கும் பட்டடையின் மேலேயே நுண்ணிய பூச்சி உருவங்களைச் செதுக்கினார்கள். முன்னால் அடி விழும்போதே பின்னால் வண்டும் ஈயும் பதியும். போலி முத்திரை அடிப்பவருக்கு ஒரு பக்கத்தைச் செய்வது எளிது, இரண்டையும் சேர்த்துச் செய்வது கடினம். அரசு அலுவலகம் ஒன்று இவ்வளவு கலைநயத்தோடு மோசடியைத் தடுத்த உதாரணம் வேறு எளிதில் நினைவுக்கு வரவில்லை.

950 என்ற தரம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் விடை இருக்கிறது. பழைய பாரிஸ் தரம் 12 பங்கில் பதினொன்றரைப் பங்கு வெள்ளி, அதாவது 958. அதிலிருந்து இரண்டு "தானியம்" அளவு குறைய அனுமதி உண்டு. அதைக் கழித்தால் கிட்டத்தட்ட 951. புரட்சிக்கு முந்தைய பாரிஸ் வேலையில் செய்தவர் முத்திரைக்குள் இரண்டு சிறு புள்ளிகள் இருக்கும். அந்த அனுமதியின் அடையாளம் அவை.

பொன் அசலா, மறுபூச்சா

இங்கேதான் விலை மாறுகிறது. சேகரிப்பாளர்கள் மதிப்பது முதல் பூச்சை, அது தேய்ந்திருந்தாலும்கூட. கண்ணைப் பறிக்கும் புதுப் பொன் பெரும்பாலும் பிற்காலக் கைவேலை. அதைக் கண்டுபிடிக்கக் கருவி இல்லாமலே மூன்று சோதனைகள் செய்யலாம்.

1. தேய்மானம் எங்கே இருக்கிறது? கரண்டிக் குழியின் அடிப்புறம், முள்கரண்டியின் நுனிகள், விரல் படும் இடம் ஆகியவை முதலில் வெளுக்க வேண்டும். இடுக்குகளில் பொன் அடர்த்தியாக மிஞ்சியிருக்க வேண்டும். நூறு ஆண்டுகள் புழங்கியதாகச் சொல்லும் பொருள் எங்கும் ஒரே நிறமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

2. முத்திரை மழுங்கியிருக்கிறதா? மழுங்கிய முத்திரையின் மேல் முழுப் பொன் இருக்க முடியாது. முத்திரையைத் தேய்த்த கைகளும் துணியும் அதன் மேலிருந்த பொன்னை விட்டுவைத்திருக்குமா? அப்படி இருந்தால், தேய்ந்து முடிந்த பிறகு பூசியது.

3. பெயரெழுத்துகளின் பள்ளம் என்ன நிறம்? பொன்னாக இருந்தால் எழுத்து வெட்டிய பிறகு முலாம் பூசப்பட்டது. வெண்மை தெரிந்தால் முலாமுக்குப் பிறகு யாரோ வெட்டியது. எழுத்தே இல்லாமல், அந்த இடம் மட்டும் லேசாகக் குழிந்து, மூச்சை ஊதினால் வேறு மாதிரி படிந்தால், பழைய எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே பொன் பூசி மறைத்திருக்கிறார்கள்.

பிரெஞ்சு முள்கரண்டியில் பெயரெழுத்தைப் பின்பக்கம் தேட வேண்டும். அங்கே முட்கள் மேசை விரிப்பைப் பார்க்கும்படி கவிழ்த்து வைப்பது வழக்கம், அதனால் விருந்தினர் கண்ணில் படுவது பின்பக்கம்தான். எழுத்து முன்பக்கம் இருந்தால் ஆங்கிலேயப் பாணி மேசைக்காகவோ பின்னாளிலோ வெட்டியிருக்கலாம்.

பெயர்களைப் பற்றி

முதலாம் நெப்போலியன் காலத்துக்கு ஒதியோ, பியென்னே, ஓகுஸ்த் ஆகிய மூவரும் முதல் வரிசை. இவர்களில் ஓகுஸ்த் கடனில் மூழ்கி நாட்டைவிட்டே போனார். அவருடைய மாதிரிகள் பலவற்றை ஒதியோ வாங்கிக்கொண்டார். ஆகவே ஒரே வடிவம் இரண்டு முத்திரைகளோடு வருவது மோசடி அல்ல. இந்த மட்டத்துப் பொருள்கள் இப்போது பெரும்பாலும் அருங்காட்சியகங்களிலும் அரண்மனைகளிலும் இருக்கின்றன. அமெரிக்கச் செல்வந்தர் மார்கரெட் பிடில் 1956-இல் வழங்கிய தொகுப்பு வெள்ளை மாளிகையில் ஒரு அறைக்கே வெர்மேய் என்று பெயர் வாங்கிக்கொடுத்தது. அதில் ஒதியோவின் வேலையும் உண்டு. சாதாரணச் சேகரிப்பாளர் கைக்கு எட்டுவது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதிப் பட்டறைகள்: புயிஃபோர்கா, கார்தேயாக், கெல்லர், தேதார். கைநேர்த்தியில் இவை எதுவும் ஏமாற்றாது.

உருக்கு விலையும் பொருள் விலையும்

50 கிராம் எடையுள்ள 950 தரக் கரண்டியில் 47.5 கிராம் வெள்ளி இருக்கிறது. அவுன்ஸ் 50 டாலர் என்றால் அதன் உலோக மதிப்பு சுமார் 76 டாலர். வெள்ளி மலிவாக இருந்த ஆண்டுகளில் பழம்பொருள் விலை உலோக விலையைவிட எப்போதும் மேலே நின்றது. விற்பவருக்கு யோசனையே தேவைப்படவில்லை. உலோகம் ஏற ஏற அந்த இடைவெளி சுருங்குகிறது. பெயர் தெரியாத பட்டறை, சுரண்டிய எழுத்து, மறுபூச்சு, குறைபட்ட டஜன் என்று இருக்கும் பொருள்களுக்கு இடைவெளி மறைந்தே போகலாம். 1980-இல் உருக்கும் உலைக்குப் போனவற்றில் இந்த வகைதான் அதிகம் இருந்திருக்கும்.

வாங்குபவர் இதைக் கவனிக்க வேண்டிய இடம் பெட்டியின் முழுமை. கரண்டியும் முள்கரண்டியும் திடமான வெள்ளி. பழக்கத்தியிலோ அலகும் கைப்பிடித் தகடும் மட்டும்தான் வெள்ளி, மற்றதெல்லாம் பிசினும் சிப்பியும். செட்டைப் பிரித்து எடைக்குப் போடுபவர் முதலில் எடுப்பது எடையுள்ளதைத்தான். கத்திகள் தனித்து நிற்கும். தனித்து வரும் அழகான பழக்கத்திகள் மலிவாகக் கிடைப்பது ஒரு வாய்ப்பு. ஆனால் அவற்றுக்குப் பொருத்தமான கரண்டிகளைத் தேடி வேறு செட்டிலிருந்து சேர்த்து "முழுப் பெட்டி" என்று விற்பதும் நடக்கிறது. ஒவ்வொரு வெர்மேய் அலகிலும் தனி முத்திரை இருக்கும். அது கரண்டியின் சாய்சதுரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெட்டியின் உள்வெட்டுகள் பொருளின் வடிவத்துக்குச் சரியாகப் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள்.

வாங்கியதைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட வேண்டாம். வெள்ளி பாலிஷும் வேண்டாம், அது பொன்னைத்தான் முதலில் தின்னும். பொன் கருப்பதில்லை என்றாலும், மெல்லிய பூச்சின் நுண்துளை வழியாக அடியிலுள்ள வெள்ளி கருத்து மேலே படரும். வெதுவெதுப்பான நீர், மிதமான சோப்பு, மென்துணி போதும். கத்திகளை மட்டும் நீரில் ஊறவிடக் கூடாது. சூட்டில் கைப்பிடிக்குள் இருக்கும் பிசின் இளகி அலகு கழன்றுவிடும்.